மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டுகிறோமே, ஏன்? கடற்கரைச் சாலையில் பெட்ரோல் போடும் பழக்கம் பற்றி

கீழக்கரைவாசி:

போன வாரம் உம்மாவைத் தூத்துக்குடியில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போதே பெட்ரோல் முள் கால் டேங்குக்குக் கீழே நின்றது. வேம்பார் தாண்டும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தாலும் 50 கிலோமீட்டர் ஓடும் என்று எனக்கு ஒரு கணக்கு, நாலு வருஷமாக அது பொய்த்ததே இல்லை, அதனால் பாட்டு கேட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் ஓட்டினேன்.

சாயல்குடியில் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். "நெட்வொர்க் இல்ல, காசா இருந்தா போடுறோம்" என்றார்கள். கையில் இருந்தது 40 ரூபாய். காரில் வந்துவிட்டு 40 ரூபாய்க்குப் போடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, வண்டியை எடுத்துவிட்டேன். அடுத்து ஒரு பங்க் வந்தது, சங்கிலி கட்டியிருந்தது. ஏர்வாடிக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், ஒரு தெருவிளக்கு இல்லை, வண்டி இரண்டு தடவை விக்கியது. அப்புறம் ஸ்டியரிங் இறுகிப்போனது. மணி பத்தே முக்கால். உம்மாவின் கண்ணில் கட்டு.

அரை மணி நேரம் கழித்து ஒரு அண்ணன் பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட்டில் வந்தார், பின்னால் மீன் பெட்டி. கேட்காமலேயே நிறுத்தினார். கார்புரேட்டரில் இருந்து குழாயைப் பிடுங்கி உம்மாவின் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். பெட்ரோல் நூல் மாதிரி இறங்கியது. செல்போன் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், பாட்டில் நிறைய ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது. டேங்க்கில் ஊற்றப் புனல் இல்லை, உம்மா ஆஸ்பத்திரி ஃபைல் அட்டையை நீட்டினார், அதைச் சுருட்டி ஊற்றினோம். இன்னொரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டேன். "இதுக்கு மேல எடுத்தா மூணு மணிக்கு நான் கடலுக்குப் போக முடியாது தம்பி. அந்த நேரத்துக்கு எந்த பங்க்கு தொறந்திருக்கு? அதுக்குத்தான் சாயங்காலமே ஃபுல் பண்ணி வச்சிருவேன்" என்றார். 100 ரூபாய் பெட்ரோலுக்கு என்னிடம் இருந்தது அந்த 40 ரூபாய்தான். அதையும் வாங்கவில்லை.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். சைக்கிள் மாதிரி எக்ஸ்எல் ஓட்டுகிறவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது, கார் வைத்திருக்கிற எனக்கு இல்லை. நீங்களெல்லாம் எப்போது போடுவீர்கள்? முள் எங்கே வந்தால்?

ஸ்பேனர்செட் (ராமநாதபுரம்):

காக்கா (அண்ணே), உம்மா நலம்தானே? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பம்ப் டேங்க்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கித்தான் இருக்கும். அந்தப் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி, அதுதான் வழவழப்பு. அடிமட்டத்திலேயே வருஷக்கணக்காக ஓட்டினால் பம்ப் சூட்டிலேயே கிடக்கும், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது காற்றை இழுக்கும். என்னிடம் பம்ப் மாற்ற வருகிறவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் விளக்கோடு ஓட்டுகிறவர்கள்தான். அடியில் கசடு இருக்கிறது, அதை இழுத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அது பாதிதான் சரி. ஃபுல் டேங்க்கிலும் பம்ப் அடியில் இருந்துதான் உறிஞ்சுகிறது. சூடுதான் பெரிய விஷயம்.

ஸ்டியரிங் இறுகியது என்றீர்கள், அதைப் பலர் யோசிப்பதில்லை. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் உதவி போய்விடும். ஒன்றிரண்டு மிதிக்கு மட்டும் பழைய மாதிரி பிடிக்கும், அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி. எனவே விக்க ஆரம்பித்ததுமே நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, ஓடுகிற வேகத்திலேயே ஓரம் கட்டிவிட வேண்டும், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் ஊற்றிய பிறகு செல்ஃபைப் போட்டு அரைக்காதீர்கள். சாவியை ஆன் செய்து மூன்று வினாடி விடுங்கள், உள்ளே உர்ரென்று பம்ப் சத்தம் கேட்கும். ஆஃப். மறுபடி ஆன். இரண்டு மூன்று தடவை செய்த பிறகு ஸ்டார்ட் பண்ணினால் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. அந்த அண்ணன் குழாயைப் பிடுங்கி எடுத்தது நல்ல வேலை. வாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறவர்கள் உண்டு, யாரும் செய்யாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குப் போனால் ஆஸ்பத்திரிதான்.

தங்கச்சிமடம்_ஸ்ப்ளெண்டர்:

என்னுடையது 2012 மாடல், டேங்க்கின் கடைசிப் பெட்ரோலைத் திறந்துவிடும் ரிசர்வ் திருகு உள்ள வண்டி. அந்தக் காலத்துத் திருகு ஒரு பெரிய நிம்மதி. ஓடிக்கொண்டே இருக்கும்போது இழுவை குறையும், இடது கை தானாகக் கீழே போய்த் திருகும், நாலு துள்ளல், வண்டி மறுபடி எழும். ரிசர்வ் விழுந்துவிட்டது, அடுத்த பங்க்கில் போட்டாக வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் அந்தத் திருகே இல்லை. தம்பி வண்டியின் டிஸ்ப்ளேயில் பெட்ரோல் கட்டை ஒன்று மினுக்கும், அவன் அதைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் திருகு இருந்தும் நானே மாட்டியிருக்கிறேன். ரிசர்வில் போட்டவன் பெட்ரோல் அடித்ததும் திருகைத் திரும்ப 'ஆன்' நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். பாம்பன் பாலத்தின் நடுவில் நின்றது. 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் மேடு, மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதம், நின்ற வண்டியைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கை வேண்டும். டேங்க்கின் அடிப்பக்கம் நடுவில் உள்வாங்கி இருக்கிறதல்லவா, திருகு இல்லாத பக்கம் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும். வண்டியை இடது பக்கம் தரை தொடுகிற அளவுக்குச் சாய்த்தேன், உள்ளே சளக் என்று இந்தப் பக்கம் ஓடி வந்த சத்தம் கேட்டது. நிமிர்த்தி உதைத்தேன், பாலம் முடியும் வரை ஓடியது.

அதற்கு முன்னால் ஒரு பையன் காலால் தள்ளிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரையில் சரி. அந்தப் பாலத்தில் பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது ஒருவன் காலை இன்னொரு வண்டி ஃபுட்ரெஸ்டில் வைத்துத் தள்ளுவது உயிரோடு விளையாட்டு. தினமும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது.

மீன்லோடு (தொண்டி):

டீசல்காரர்கள் சார்பில் நான். பெட்ரோல் தீர்ந்தால் ஒரு பாட்டில் ஊற்றிப் போய்விடலாம். டீசல் தீர்ந்தால் லைன் முழுக்கக் காற்று பிடித்துக்கொள்ளும், ஊற்றினாலும் கிளம்பாது. ஃபில்டர் மேல் இருக்கிற கைப்பம்பை அமுக்கி அமுக்கி, போல்ட்டைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்த டீசல் வரும் வரை ஏர் எடுக்க வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் அதையும் நாமே செய்ய முடியாது, மெக்கானிக் வர வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் தொண்டியில் இருந்து மதுரைக்கு மீன் ஏற்றிப் போகும்போது எனக்கு நடந்தது. திருவாடானை தாண்டி விடியற்காலை நின்றேன். ஏர் எடுத்து முடிக்க இரண்டு மணி நேரம். வண்டிக்கு அடியில் ஐஸ் உருகித் தண்ணீர் சாலையில் ஓடியது, முதலில் தெளிவாக, அப்புறம் லேசான சிவப்பில். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் லோடு விலை போச்சு என்று தெரிந்துவிட்டது. சரக்குக்காரர் ஒன்றும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது அரை டேங்க் என்பதுதான் எனக்குக் காலி. அதற்குக் கீழே முள்ளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

தேவிபட்டினத்தாள்:

இங்கே யாரும் பங்க் பக்கம் இருந்து பேசவில்லை, நான் பேசுகிறேன். ஆறு வருஷம் நாசில் பிடித்திருக்கிறேன்.

அரை டேங்க் வந்ததும் நிரப்பு என்று சொல்வது சம்பளக்காரருக்குச் சரி. என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் 50 ரூபாய், 100 ரூபாய். அவர்களுக்கு முள் எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். அன்றைய கூலி எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, அந்த 61 நாளும் நாசில் பிடித்த கைக்கே தெரியும். போன மாதம் 200 ரூபாய்க்குப் போட்டவர் 50 ரூபாய் நீட்டுவார், மூடியைத் திறக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். தடை முடிந்து முதல் படகுகள் கரை சேர்ந்த மறுநாள் அதே ஆள் "ஃபுல் பண்ணுக்கா" என்பார், குரலே வேறு மாதிரி இருக்கும். எனவே விளக்கோடு ஓட்டுகிற எல்லோரையும் அலட்சியக்காரர் என்று சொல்லாதீர்கள்.

தம்பி கீழக்கரை, 40 ரூபாய்க்குக் கேட்டிருந்தால் தாராளமாகப் போட்டிருப்பார்கள். கார் என்று யாரும் சிரிக்க மாட்டோம். 40 ரூபாய்க்கு அரை லிட்டர் கூட வராதுதான், ஆனால் அதில் ஏர்வாடி வந்திருக்கும்.

பாட்டில் விஷயம் ஒன்று. வண்டி நின்றுவிட்டது, பாட்டிலில் கொடுங்கள் என்று இரவில் வருவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுக்கக் கூடாது என்பது விதி, காரணமும் உண்டு, பிளாஸ்டிக்கில் பாயும்போது உரசி மின்சாரம் தேங்கும், ஒரு பொறி போதும். கொடுக்க மாட்டோம் என்று சொல்லும்போது எங்களுக்கும் சங்கடம்தான், அதுவும் குழந்தையோடு வந்து நின்றால். அப்படி நாங்கள் திருப்பி அனுப்பியவர்கள் நேராகப் பெட்டிக்கடைக்குப் போவார்கள், அங்கே கூடுதல் விலைக்கு எதைக் கலந்தது என்று தெரியாத பாட்டில் தொங்கும்.

கீழக்கரைவாசி:

அக்கா, நீங்கள் சொன்னது சுருக்கென்று பட்டது. நான் கேட்டது என்னைப் போல் போட வசதி இருந்தும் போடாமல் ஓட்டுகிறவர்களைப் பற்றித்தான். தடைக்காலத்துக்காரரை நினைத்து எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். உம்மா நலம், கட்டு அவிழ்த்தாகிவிட்டது.

பரமக்குடி_எக்ஸ்எல்:

சில சந்தேகங்கள், அக்காவே சொன்னால் நன்றாக இருக்கும். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே? 100 ரூபாய்க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாதாமே? வெயிலில் ஃபுல் டேங்க் அடித்தால் வெடிக்கும் என்று வருஷா வருஷம் சித்திரையில் வாட்ஸப்பில் வருகிறதே? எங்கள் அப்பா விலை ஏறுகிறது என்றால் நள்ளிரவில் வரிசையில் நிற்பார், அது இப்போதும் உண்டா?

தேவிபட்டினத்தாள்:

பங்க்கின் டேங்க் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே நாற்பது டிகிரி அடித்தாலும் அங்கே சூடு பெரிதாக மாறாது. காலையில் போடுங்கள், கூட்டம் இருக்காது, அதற்காக வேண்டுமானால்.

110 ரூபாயில் ஒன்றும் இல்லை. மெஷின் அளப்பது லிட்டரை, ரூபாய் அதிலிருந்து வருகிற கணக்கு. சந்தேகம் இருந்தால் ஜீரோவைப் பாருங்கள், நாசிலைத் திரும்ப மாட்டும் வரை கண்ணை எடுக்காதீர்கள். அப்பவும் திருப்தி இல்லை என்றால் 5 லிட்டர் அளவையைக் கேளுங்கள், எல்லா பங்க்கிலும் வைத்திருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் முன்பின் இருக்கலாம். கேட்பது உங்கள் உரிமை. இந்த ஆறு வருஷத்தில் என்னிடம் கேட்டவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

வெடிப்பது பொய், எண்ணெய் கம்பெனியே மறுத்துவிட்டது. ஆனால் நாசில் தானாக நின்ற பிறகு "இன்னும் ரெண்டு சொட்டு, ரவுண்டா போடுக்கா" என்று கழுத்து வரை நிரப்பச் சொல்வது தப்பு. 2017 ஜூன் 16 முதல் விலை மாறினால் காலை 6 மணிக்குத்தான் மாறும், ஆகவே உங்கள் அப்பா நின்ற நள்ளிரவு வரிசை போய்விட்டது.

ஸ்பேனர்செட்:

அந்த ரெண்டு சொட்டு பற்றி அக்கா சொன்னது முக்கியம். இப்போது வருகிற வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய டப்பா ஒன்று உண்டு. கழுத்து வரை அடித்தால் திரவமே அதற்குள் போய்விடும், கரி வீணாகும், அப்புறம் வண்டி தடுமாறுகிறது என்று என்னிடம் வருவீர்கள்.

தீவுடிரைவர் (ராமேஸ்வரம்):

பதினொரு வருஷமாகச் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது தனுஷ்கோடி ரோட்டில். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு எல்லோரும் சொந்த வண்டியிலேயே போகிறார்கள். ராமேஸ்வரத்தில் இருந்து முனை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், போக வர 40-க்கு மேல், நடுவில் ஒரு பங்க் கிடையாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், அங்கே இப்போது பொரித்த மீனும் சங்கும் விற்கிற கொட்டகைகள்தான். லீவு நாளில் முனையில் திரும்பவே ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் ஏ.சி. போட்டு இன்ஜினை ஓடவிட்டுக் குழந்தைகளை உட்கார வைத்திருப்பார்கள். ஊருக்குள் 80 கிலோமீட்டர் காட்டிய வண்டி திரும்பும்போது 30 காட்டும். டிஸ்ப்ளே பொய் சொல்லவில்லை, அது கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

அப்புறம் காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் இங்கிருந்து மண்டபம் வழியாக ராமநாதபுரம் போவது நேராக எதிர்காற்றில் போவது. ஒரே வண்டி, ஒரே வேகம், வரும்போதைவிடப் போகும்போது நிச்சயம் அதிகம் குடிக்கும். மேலே கேரியரில் மூட்டை கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள். அன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் பங்க் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும், அந்த வரிசையே இன்னொரு நெரிசல்.

பரமக்குடி_எக்ஸ்எல்:

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் யாராவது சொல்லுங்கள். கடற்கரையில் டேங்க்கைக் காலியாக வைத்தால் துரு பிடிக்கும் என்கிறார்கள்.

ஸ்பேனர்செட்:

எத்தனால் தண்ணீரை இழுக்கும், அது உண்மை. தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் அதைத்தான் இழுக்கும். தினமும் ஓடுகிற வண்டிக்குப் பயம் இல்லை. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டு ஆறு மாதம் கழித்து வந்து எடுக்கிற வண்டிகள் இங்கே வீட்டுக்கு வீடு நிற்கின்றன, அவைதான் வருகின்றன என்னிடம். பழைய இரும்பு டேங்க், உப்புக் காற்று, உள்ளே பாதிக்கு மேல் வெறும் இடம், மூடி ரப்பர் வெடித்திருக்கும். திறந்து டார்ச் அடித்தால் உள்சுவர் செம்மண் பூசிய மாதிரி இருக்கும். நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் மூடி ரப்பரை மாற்றிவிட்டுப் போங்கள், வீட்டில் யாரையாவது வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதற்கு அடுத்த வாரம் மட்டும் டேங்க்கில் தண்ணீர் போன பைக் பதினான்கு பிரித்தேன், எல்லாம் மூடி ரப்பர்தான்.

வள்ளத்துப்பிள்ளை (பாம்பன்):

எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் அப்பா நாட்டுப்படகுக்காரர். கேனைத் தூக்கிப் பார்த்து, ஆட்டி, சத்தத்தை வைத்தே எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார். அவருக்கு ஒரே கணக்கு. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு. அந்த மூன்றாவது பங்கை எடுத்து மீன் அதிகம் கிடைக்கிற இடத்துக்கு இன்னும் கொஞ்சம் போகலாம் என்று யாராவது சொன்னால் படகைத் திருப்பிவிடுவார். இங்கே கடலில் எண்ணெய் தீர்ந்தால் ஓரம் கட்ட முடியாது, நீரோட்டம் இழுத்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடும். விடிந்தால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே கேள்வி.

அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஏறுவதற்கு முன்னால் டேங்க் மேல் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவார். சத்தம் கனமாக இருந்தால்தான் காலைத் தூக்கிப் போடுவார்.

தேவிபட்டினத்து அக்கா சொன்ன தடைக்காலத்து ஆட்கள் நாங்கள்தான். 50 ரூபாய்க்குத்தான் போடுவோம். ஆனால் அந்த 50 ரூபாயில் எவ்வளவு தூரமோ அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் போவோம்.

தங்கச்சிமடம்_ஸ்ப்ளெண்டர்:

அண்ணே, அந்தத் தட்டு முறை எனக்கும் தெரியும், ஆனால் அளவு பிடிபட்டதில்லை. நாளைக்குக் காலையில் தட்டிப் பார்க்கிறேன்.

கீழக்கரைவாசி:

நேற்று ஏர்வாடி பக்கம் போயிருந்தேன். அந்த எக்ஸ்எல் அண்ணனைக் கரையில் தேடினேன், பெயர் கேட்காமல் விட்டது என் தப்பு, மீன் பெட்டி வைத்த எக்ஸ்எல் அங்கே முப்பது நிற்கிறது. கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது சாயங்காலம் ஐந்தரை, முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பங்க்கில் நுழைத்தேன். முன்னால் நின்ற ஐந்து வண்டியில் நாலு எக்ஸ்எல், எல்லோரும் இரவு கடலுக்குப் போகிறவர்கள், கையில் டிபன் தூக்கு. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன், அவர் இல்லை.

கார் டேஷ்போர்டில் 500 ரூபாய் நோட்டு ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், நெட்வொர்க் இல்லாத பங்க்குக்கு. அந்த ஆஸ்பத்திரி ஃபைலை உம்மா வெயிலில் காயப் போட்டும் பெட்ரோல் வாசம் போகவில்லை. அடுத்த மாதம் டாக்டரிடம் அதைத்தான் எடுத்துப் போக வேண்டும். இந்தத் தடவை தூத்துக்குடியிலேயே நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவேன்.